செம்மண் சாலையில் வந்த படம்

வடக்கு இத்தாலியின் பெர்காமோ வட்டாரம். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாய். ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு குத்தகைக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. வீடு, தொழுவம், நிலம், மரங்கள், மாடுகளில் ஒரு பங்கு, உழவுக் கருவிகள் எல்லாம் பண்ணையாருக்குச் சொந்தம். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே போகிறது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் மினேக் என்று ஒரு சிறுவன். பையன் சூட்டிகையாக இருக்கிறான், படிக்க வையுங்கள் என்று பாதிரியார் வற்புறுத்த, அப்பா பத்திஸ்தி அவனைத் தொலைவில் உள்ள பள்ளிக்கு அனுப்புகிறார். தினமும் பல கிலோமீட்டர் நடை. ஒருநாள் திரும்பும் வழியில் மரக்காலணி பிளந்துவிடுகிறது. புதிது வாங்கக் காசில்லை. இருட்டியபின் அப்பா வாய்க்கால் ஓரத்தில் ஒரு மரத்தை வெட்டி, மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, இரவோடு இரவாகப் பிள்ளைக்குக் காலணி செதுக்குகிறார். பின்னால் ஒருநாள் மரம் வெட்டப்பட்டது பண்ணையாருக்குத் தெரியவருகிறது. குடும்பம் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளியேறுகிறது. அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் இருந்தபடியே பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எர்மான்னோ ஓல்மி இயக்கிய ‘மரக்காலணிகளின் மரம்’ படத்தின் கதை இது. 1978இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. மூன்று மணி நேரத்துக்கும் ஆறு நிமிடம் அதிகமாக ஓடுகிறது. நடித்தவர்கள் எல்லாரும் அந்த வட்டாரத்துக் குடியானவர்கள். தொழில்முறை நடிகர் ஒருவர்கூடக் கிடையாது. கேமராவைப் பிடித்ததும் படத்தைத் தொகுத்ததும் ஓல்மியே. பாட்டி சொன்ன பழங்கதைகளிலிருந்து எடுத்த படம் என்பார் அவர். பெரியவர் ஒருவர் ஊருக்கு முன்னால் தக்காளி பழுக்க வேண்டும் என்று கோழி எருவைப் பயன்படுத்துவதும், துணி துவைத்துப் பிழைக்கும் விதவை தன் பசு பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதும் பத்திஸ்தியின் கதைக்கு ஈடான கவனத்தோடு படமாகியிருக்கின்றன.

கோலாலம்பூரில் இந்தப் படத்தைப் பார்த்த தமிழர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். ஆனால் காப்பாரிலோ பந்திங்கிலோ தோட்டத்தில் பிறந்த எழுபது வயது அம்மா ஒருவரிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். எந்த விளக்கமும் தேவைப்படாது. குடியிருக்கும் வீடு வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் வீடும் போகும் என்பது அவர் வாழ்ந்து பார்த்த சட்டம். மரம் துரைக்குச் சொந்தம், அதன் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதுகூட மேற்பார்வையாளரான மண்டோரின் கணக்கு என்பதும் அவருக்குத் தெரியும்.

பெர்காமோ குடியானவனுக்கு ஓல்மி இருந்தார். நம் தோட்டத்துப் பாட்டிக்கு யார் இருந்தார்கள்?

தீபக் குமரன் மேனன் இருந்தார். அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 2005இல் வெளிவந்த அவருடைய ‘செம்மண் சாலை’ 1960களின் இரப்பர் தோட்டத்தில் நடக்கும் கதை. பால் வெட்டும் குடும்பத்துப் பெண் சாந்தா படித்துப் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள். வீட்டிலோ கல்யாணச் செலவும் கடனும் நிற்காத வயிற்றுப்பாடும். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. தீபக் தம் தாயாரின் இளமைக்கால நினைவுகளை வைத்து எழுதிய கதை. பெரிய முதலீடு இல்லாமல் டிஜிட்டல் வீடியோவில் எடுத்தார். ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இந்தப் படத்துக்கு, பிரான்சின் நாந்த் நகரில் நடக்கும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பார்த்துப் பாராட்டிய அந்தத் தோட்டத்தை, தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இன்னும் பார்க்கவில்லை. அது நமக்குப் பெரிய இழப்பு.

சாந்தாவின் ஆசை எவ்வளவு பெரியது என்பதை இன்றைய பிள்ளைகள் உணர, அந்தக் காலத்துக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1960களின் பெரும்பகுதியில் தீபகற்ப மலேசியாவில் பல்கலைக்கழகம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம். பினாங்கில் இரண்டாவது வந்தது 1969இல். தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளி எப்படி இருக்கவேண்டும், அதன்பின் பிள்ளை எங்கே போகவேண்டும் என்பதில் பல நிர்வாகங்களுக்கு அக்கறை இருக்கவில்லை. ஆறாம் வகுப்போடு தோட்டப் படிப்பு முடியும். மேலே படிக்க ஆசை உள்ளவர் பட்டணத்துக்குப் போய், புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து வேறு மொழிக்கு மாறி, பிறகுதான் முதல் படிவம். பேருந்துக் காசு, சீருடை, புத்தகம் எல்லாம் தனி. அண்ணன் தம்பிக்கே கிடைக்காத அந்த வாய்ப்பைப் பெண்பிள்ளை கேட்டால் வீடு என்ன சொல்லியிருக்கும்?

அந்த வீட்டின் விடியற்காலையையும் கொஞ்சம் பார்க்கலாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் நேற்றைய பாலை உரித்துப் பையில் போட வேண்டும், ஒட்டுப்பாலுக்கும் காசு உண்டு. பிறகு கத்தி. பட்டையில் மெல்லிய சீவல்தான் வரவேண்டும். ஆழம் தவறி மரத்தில் காயம் பட்டால் மண்டோரிடம் திட்டு, சில நேரம் கூலிப் பிடித்தம். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்துவிட்டு மீண்டும் முதல் மரத்துக்கு வந்து, மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குப் போக வேண்டும். விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு மரம் சீவ முடியாது. அன்றைய கூலியும் இல்லை. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் தாய் இத்தனையும் செய்தாள்.

தோட்டத்துச் சாலைக்குப் படத்துக்கு வெளியிலும் ஒரு வரலாறு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, சங்கம் வைக்கும் உரிமை என்று நீண்ட அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்று அதுவரை வழக்கம். இனி இறங்க மாட்டோம், ஓட்டிக்கொண்டே போக எங்களுக்கு உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் துணி வாங்கப் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரு முழுநீளத் தமிழ்ப் படம் வரவேண்டும். அதற்கான கதை ஏற்கெனவே ஆவணங்களில் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

சாந்தாவின் காலத்துக்கு வந்தால் பயம் வேறு வடிவில் வந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. இதைத் தடுக்கத்தான் 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தொழிலாளர்களின் அந்தப் பணத்தைச் சேர்த்து கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகை கிடையாது. பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்கு இன்று துன் சம்பந்தன் பெயர் இருக்கிறது. அந்தச் சாலையில் மாலை கட்டும் கடைகளைக் கடந்து போகிறவர்களில் பலருடைய தாத்தாக்களின் பத்து வெள்ளியும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது.

சங்கம் காப்பாற்றியது சிலவற்றைத்தான். மற்றவை போய்விட்டன. பெட்டாலிங் ஜெயா எழுந்தது எஃபிங்ஹாம் தோட்டத்தின் மீது. ஷா ஆலம் நகரம் சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மீது. சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்தின் மீது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கம் புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில் நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டத்தைப் பற்றிப் படம் எடுக்க நினைப்பவர் இன்று தோட்டத்தைத் தேடித்தான் போகவேண்டும். லயமும் வேண்டும், செம்மண் பாதையும் வேண்டும், வரிசை பிசகாத பால்மரமும் வேண்டும். செம்பனை வந்தபின் பால்மரமே அரிது. இருபது வருடத்துக்கு முன்னால் தீபக் பிடித்துவைத்த காட்சிகளுக்கு ஆவண மதிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

இலக்கியம் இந்த வேலையைச் செய்திருக்கிறது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’, கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’ என்று தோட்டத்து நாவல்களுக்கு ஒரு வரிசையே உண்டு. தமிழகத்திலிருந்து வந்துபோன அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். தமிழகத் திரையிலும் மலைத்தோட்டத்துக்கு ‘பரதேசி’யும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யும் கிடைத்திருக்கின்றன. மலேசியத் தோட்டத்துக்குத் திரையில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

காரணங்களில் பெரியது மொழி. ஓல்மியின் குடியானவர்கள் பேசியது பெர்காமோ வழக்கு, ரோமாபுரிக்காரருக்கே புரியாத பேச்சு. இத்தாலியத் திரையரங்குகளுக்காக அதே குடியானவர்களைக் கொண்டு பொது இத்தாலியனில் மறுபடியும் குரல் கொடுக்க வைத்தார்கள். ஆனால் இது இத்தாலியப் படமா என்று யாரும் கேட்கவில்லை. 1948இல் சிசிலி மீனவர்களை அவர்கள் பேச்சிலேயே பேசவிட்டு விஸ்கோந்தி எடுத்த ‘நிலம் நடுங்குகிறது’ படத்தையும் அப்படிக் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். ‘செம்மண் சாலை’ வந்த காலத்தில் வசனத்தின் பெரும்பகுதி மலாயில் இல்லாத படத்துக்கு உள்ளூர்ப் படம் என்ற தகுதி கிடைக்காது, கேளிக்கை வரிச் சலுகையும் கிடைக்காது. இந்த மண்ணில், இந்த மண்ணின் மக்களைப் பற்றி, இந்த மண்ணின் குடிமகன் எடுத்த படம் ஏட்டில் வெளிநாட்டுப் படத்தோடு சேர்ந்தது. இது அநியாயம் என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். மலாய்த் திரை நட்சத்திரம் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். மலாய் சினிமா நடைபழகிய காலத்தில் கைபிடித்துக் கூட்டிப்போனவர்களில் தமிழர்களும் உண்டு. அந்த வரலாற்றை மலாய்த் திரையுலகப் பெரியவர்கள் மறக்கவில்லை.

மறக்கவில்லை என்பதற்கு 2016 சாட்சி. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பம் 1990களில் புறம்போக்குக் குடியிருப்பில் படும் பாட்டைச் சொல்கிறது. சாந்தா படிக்க ஆசைப்பட்டாள், வீட்டால் முடியவில்லை. ‘ஜகாட்’ படத்துச் சிறுவன் அப்போயை அப்பா படி படி என்று அடிக்கிறார். பிள்ளையின் கற்பனைக்கோ பள்ளியிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை. குண்டர் கும்பலில் மட்டும் இடம் இருக்கிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முப்பது வருடத்தில் ஒரு சமூகத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்துவிடும். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவுக்கான பரிந்துரைப் பட்டியல் வந்தபோது, எழுபது விழுக்காடு மலாய் வசனம் இல்லை என்பதால் இந்தப் படத்தையும் ‘ஓலா போலா’வையும் மலாய் அல்லாத படங்கள் என்ற தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். அஃப்டிலின் ஷௌகி உள்ளிட்ட மலாய்க் கலைஞர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்றினார்கள். அந்தச் செப்டம்பரில் சிறந்த மலேசியத் திரைப்பட விருது ‘ஜகாட்’டுக்கும், சிறந்த புதுமுக இயக்குநர் விருது சஞ்சய்க்கும் போயின.

தீபக் அதற்கு முன்பே தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்துவிட்டார். 2007இல் வந்த ‘சலங்கை’ பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் கதை. பூ விற்றுப் பிழைக்கும் தாய், இரண்டு பிள்ளைகள், பரதம் கற்க ஆசைப்படும் மகள் உமா. அதில் வரும் பிரிக்பீல்ட்ஸ் பழைய பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைப்பதற்கு முந்தியது. வண்ண வளைவுகளும் யானை நீரூற்றும் வந்தபின் அந்தத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு, முன்பிருந்த பேட்டையை அசையும் படமாகக் காட்ட இந்த ஒரு படம் உதவும். திரைக்கதையில் ‘செம்மண் சாலை’யின் அடர்த்தி இதற்கு இல்லை, சில இடங்களில் தொய்வு தெரிகிறது. இருந்தாலும் மாலை கட்டும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து இந்தப் பேட்டையைப் படமெடுத்தவர் அவர்.

இப்போதைய கவலை இந்தப் படங்களை எங்கே பார்ப்பது என்பது. இதுபோன்ற சிறு படங்களின் பிரதிகள் விழா அலுவலகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இயக்குநரின் அலமாரியிலும் சிதறிக் கிடப்பது வழக்கம். இருபது வருடத்துக்கு முந்தைய டிஜிட்டல் நாடாவுக்கு ஆயுளும் அதிகமில்லை. உலு கிள்ளானில், பழைய மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடத்தில் இயங்கும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ் இந்த நாட்டின் எல்லா மொழிப் படங்களுக்கும் பொறுப்பேற்று நல்ல பிரதிகளைப் பாதுகாக்க வேண்டும். 2016இல் விருது கொடுத்த மனம் இதற்கும் இடம் கொடுக்கும் என்று நம்பலாம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து இயங்குகிறது. தோட்ட வாழ்க்கை பற்றிய ஆய்வுகளோடு இந்தப் படங்களையும் பாடமாக வைப்பது அதற்குக் கடினமான காரியமாக இருக்காது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. அந்நாளில் தகவல் இலாகா வேன் தோட்டத்துக்கு வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியது. லயம் முழுக்கப் பாயோடு வந்து உட்கார்ந்தது. இன்று கிள்ளானிலும் பூச்சோங்கிலும் செந்தூலிலும் ஆலய மண்டபங்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளிகளில் புரொஜக்டர் இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை மாலை போதும். திருட்டுப் பிரதியைத் தேடாமல் இயக்குநரைத் தொடர்புகொண்டு அனுமதி கேளுங்கள், நியாயமான தொகை கொடுங்கள். படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல், தோட்டத்தில் பிறந்த பெரியவர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து எந்தத் தோட்டம், எந்த லயம், யார் கங்காணி, எந்த வருடம் வெளியேறினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். 1960களில் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இப்போது எழுபது வயது. சாந்தாவின் கதையைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். இந்த வருடமே கேளுங்கள்.